ஆவடிப் பால், ஆலப்புழைப் படகு

படகு வீட்டில் இருந்த ஒரே ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கியது நான்தான். என் செல்போனுக்குச் சார்ஜ் போட. திரும்பச் செருக மறந்துவிட்டேன்.

போன வாரம் ஆலப்புழையில் நடந்தது இது. கோபம் இன்னும் அடங்கவில்லை. முழுவதும் என் மேல்தானா என்றால்... அதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

ஆவடி கோவில்பதாகையில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து மூன்று குடும்பங்கள் கிளம்பினோம். நாங்கள், மேல் வீட்டு ஐ.டி. பிரபுவும் மனைவியும், கீழ் வீட்டு எத்திராஜும் மனைவியும். எத்திராஜ் மண்ணின் மைந்தர். எங்கள் கட்டடம் நிற்பதே அவருடைய அப்பா நெல் போட்ட இடத்தில்தான்.

கிளம்பும் முன் என் மனைவி வசந்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "படகோ பரிசலோ, எதுல வேணா கூட்டிட்டுப் போங்க. காலையில காபி மட்டும் நான் போட மாட்டேன். யாராவது போட்டு என் கையில கொடுக்கணும். நான் உட்கார்ந்து குடிக்கணும்."

நியாயம்தானே? கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் முதல் காபியைப் போடுபவள் அவள். கடைசிக் காபியை, அதுவும் ஆறிப்போனதை, நின்றுகொண்டே குடிப்பவளும் அவள்தான்.

"கவலையை விடு. பால் டிபார்ட்மென்ட் என்னுது" என்றேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு எதையும் படித்துவிட்டுச் செய்கிற வியாதி உண்டு. பாய்மரப் படகில் உலகம் சுற்றும் வெள்ளைக்காரர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். நடுக்கடலில் டீக்கு என்ன பால்? பால் பவுடர் என்றார் ஒருவர். கெட்டுப் போகாத அட்டைப்பெட்டிப் பால் என்றார் இன்னொருவர். ஒரு அம்மணி, பாலே இல்லாமல் குடிக்கப் பழகுங்கள் என்று எழுதியிருந்தார்! சமுத்திரம் தாண்டுகிறவர்களுக்கு இவ்வளவுதான் வைராக்கியமா?

பச்சை நிறப் பால் பாக்கெட்டுகளை ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்தேன். தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடுக்கி, டேப் ஒட்டி, ரயிலேற்றினேன். படகுச் சமையல்காரர் ஷாஜிக்கு முன்கூட்டியே போன் செய்து, பால் எதுவும் வாங்கி வைக்க வேண்டாம் என்று உத்தரவும் போட்டேன்.

ரயிலில் பெட்டியைப் பார்த்த எத்திராஜ் கேட்டார். "இன்னா சார், கேரளாவுல மாடே இல்லியா?"

"நம்ம காபிக்கு நம்ம பால்தான் சரியா வரும் எத்திராஜ்."

"அதுக்கு மாட்டையே இஸ்துகினு வந்துருக்கலாமே சார். அதுவும் நாலு ஊரு பாத்தா மாதிரி இருந்துருக்கும்."

முதல் நாள் சுகமாகப் போனது. சாயங்காலம் படகைக் கரையோரம் கட்டினார்கள். பாலை ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். அப்புறம்தான் அந்த சார்ஜர் சமாச்சாரம்.

விடிந்தது. முன் தளத்தில் நாங்கள் மூன்று ஆண்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து இயற்கையை ரசித்துக்கொண்டிருந்தோம். பின்பக்கத்துச் சமையல்கட்டிலிருந்து வசந்தியின் குரல்: "பால் திரிஞ்சு போச்சு."

கவனித்தீர்களா, குரல் எங்கிருந்து வருகிறது என்று? ஷாஜிக்கு டிகாஷன் பழக்கமில்லை. ஃபில்டரையும் காபித் தூளையும் வீட்டிலிருந்து சுமந்து போனவன் நான். அப்புறம் யார் போடுவார்கள்? அந்தத் தெர்மாகோல் பெட்டியோடு எங்கள் வீட்டு அடுப்படியையே படகில் ஏற்றிவிட்டேன்.

உள்ளே ஓடினேன். மற்ற இரண்டு பெண்மணிகளும் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் சரியில்லை என்று ஷாஜியிடம் சத்தம் போட்டேன். அவர் சுவரைக் காட்டினார். என் சார்ஜர்.

"வேற பால் இல்லையா?"

"பால் வேண்டா என்னு சார்தானே பறஞ்ஞது?"

பிரபு போனைத் தடவிக்கொண்டே வந்து சேர்ந்தார். "டென்ஷன் ஆகாதீங்க சார். லெமன் பிழிஞ்சா பனீர் ஆயிடும். ஆன்ட்டி, லஞ்சுக்கு ஏதாச்சும் பனீர் ஐட்டம் பண்ணிடலாம்ல?"

எத்திராஜ் விடுவாரா? "பன்னீர்லாம் எவன் துண்றது? சக்கரை போட்டுக் கிண்டுனா பால்கோவா கணக்கா வரும்மா. வீணாக்காதே."

வசந்தி கரண்டியை எடுத்தாள். கிண்ட ஆரம்பித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரும் எதையும் கிண்டக் கூடாது!" பக்கத்துப் படகில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பால் கெட்டுப் போனால் நம் ஆண்களிடம் எத்தனை யோசனை! ஒன்றிலாவது கரண்டி அவர்கள் கையில் இருக்கிறதா? கொடைக்கானல் போனால் கூடவே எலக்ட்ரிக் குக்கர் போகிறது. திருப்பதி போனால் புளியோதரைத் தூக்கு போகிறது. அதைக் கட்டியவளும் கூடவே போகிறாள், அங்கேயும் பரிமாற. இதற்குப் பெயர் ஃபேமிலி ட்ரிப்! திரும்பி வந்ததும் 'செம என்ஜாய்மென்ட்' என்று ஸ்டேட்டஸ் போடுவது யார்? உட்கார்ந்திருந்தவர்கள்.

இதில் நான்தான் முதல் குற்றவாளி. அவர்களாவது சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் திட்டம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷாஜியிடம் கெஞ்சினேன். தன் டீக்கென்று வைத்திருந்த பால் பவுடரை எடுத்துக் கொடுத்தார். வெந்நீரில் கொட்டினேன். கட்டி தட்டியது. கரண்டியால் நசுக்கினேன், ஒரு கட்டி இரண்டாயிற்று. டிகாஷனை ஊற்றினால் சேற்று நிறம். நடுவில் விரலையும் சுட்டுக்கொண்டேன்.

வசந்தியை முன் தளத்தில் என் நாற்காலியில் உட்கார வைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மற்ற இரண்டு பெண்மணிகளும் வந்து தங்கள் கணவர்களின் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"அப்போ நமக்குக் காபி..." என்று பிரபு வாயைத் திறந்தார்.

எத்திராஜ் அடக்கினார். "சும்மா கெட நைனா. சாரு கடிச்சு வெச்சுரப் போறாரு."

வசந்தி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமைதான், ஒளிப்பானேன்?

திரும்பும் வழியில் ரயில் அரக்கோணம் தாண்டியது. பாராட்டுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் நானே கேட்டுவிட்டேன். "என் காபி எப்படி இருந்துச்சு?"

"உட்கார்ந்திருந்தது நல்லா இருந்துச்சு" என்றாள். "காபியை அப்பவே தண்ணியில ஊத்திட்டேன். மீன்கூடக் கிட்ட வரலை."