வேனில் என் பக்கத்து இடம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கராக இருந்தேன். திருத்தங்கலில் கம்பெனி வேன் ஏறுவேன். இருவர் உட்காரும் சீட்டில் மூவர் நெருக்கி உட்கார்வார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே கிடக்கும். ஆபீஸ் ஆளுக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். டைரியிலும் அப்படியே எழுதிவைத்தேன்.

மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"மரியாதையா? உங்க சட்டைய ரெண்டு தடவ ஊற வச்சுத் தொவச்சாலும் அந்த மரியாதை போகமாட்டேங்குது" என்றாள்.

மறுநாளே ஒரு பாடி ஸ்ப்ரே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தீபாவளி சீசன் நேரம். வழக்கத்துக்கு மாறாக அன்று ஆபீஸ் ஆட்களின் பையையும் கேட்டில் திறக்கச் சொன்னார்கள். டப்பாவைக் கையில் எடுத்த வாட்ச்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல நெருப்புப் படம் போட்டுருக்கு. உள்ள விடமுடியாது, கோவிச்சுக்கிடாதீக."

"இது வாசனைக்குப்பா."

பின்னால் வரிசையில் நின்ற பேக்கிங் பிரிவு ஆள் குரல் கொடுத்தார்: "ஏண்ணே, சாருக்கிட்ட குடுத்துருங்க! அது உள்ள போனா வெடிச்சாலும் வெடிக்கும், வெடிக்காமலும் போகும். அது இல்லாட்டி சாயங்காலம் வேன்ல நாங்க மயங்குறது நிச்சயம்."

வரிசையே சிரித்தது. டப்பா வாசலிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரமே விருதுநகர் தோல் மருத்துவரிடம் போனேன். "வேர்வைக்குன்னு தனியா நாத்தம் கிடையாது சார். அக்குள்ல இருக்கிற கிருமி அதைத் தின்னு நாறவைக்குது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமத் துடைங்க. முடியை எடுத்துருங்க. அதுக்கப்புறம் பூசுறதைப் பூசலாம். கழுவாம சென்ட் அடிச்சா, சாக்கடைக்குச் சாம்பிராணி போட்ட மாதிரிதான்" என்றவர், என் சட்டையைப் பார்த்தார். "இது என்ன துணி?"

பாலியஸ்டர். கசங்கல் எனக்கு ஆகாது. 'பருத்தி ஆடை மட்டுமே அணிந்து வரவும்' என்று ஆலை வாசலில் தொங்கிய அறிவிப்பு என் கையெழுத்துதான். செயற்கை இழை உரசினால் பொறி பறக்கும், வெடிமருந்து பற்றும் என்று தொழிலாளருக்கு விளக்கியவனும் நானே. ஆபீசுக்கு அது பொருந்தாது என்பது எங்கள் துணிபு.

பருத்திக்கு மாறினேன். மருத்துவர் சொன்னபடி காலையும் மாலையும் கழுவித் துடைத்தேன். பல வாரம் இடம் காலியாகவே இருந்தது. பழைய மரியாதை அவ்வளவு சீக்கிரம் மறக்குமா?

ஒரு காலை அந்தப் பேக்கிங் ஆள் ஏறினார். நின்றபடியே மூக்கை ஒருமுறை இழுத்தார். பிறகு, "சார், கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லித் தூக்குச்சட்டியை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சிவகாசி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டையே விட்டார்.

ஆலையில் இறங்கியபோது சட்டையின் இடது தோள் கசங்கிக் கிடந்தது. நீவிவிடவில்லை.