பாலும் மைதாவும் இல்லாத ஐஸ்

அக்கா புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். அங்கே மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் தினமும் ராத்திரி எல்லோருக்கும் சப்பாத்திதான். சாப்பிட்டதும் அவளுக்கு வயிறு உப்பும், பேதியாகும். வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார் மாமியார். இரண்டு முறை கரு கலைந்தது. அதற்கப்புறம் அவள் கணவர் அவளைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, "உடம்ப சரி பண்ணிக்கினு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

புதுச்சேரியில் ஒரு டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துத்தான் காரணத்தைச் சொன்னார். கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. மைதா, ரவை, சேமியா எதுவும் ஆயுசுக்கும் கூடாது, துளிகூட. குடல் புண் ஆறும்வரை பாலும் வேண்டாம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சித்திரை வெயிலில் எங்கள் ஊர்க் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் தெருவுக்குள் விடும். அப்படியொரு சாயங்காலம், "ஒரே ஒரு ஐஸ்கிரீம் சாப்டணும்போல இருக்குதுடி" என்றாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கிளம்பினோம்.

கடைத்தெருவில் முதல் கடைக்காரர் சிரித்தார்.

"பாலும் இருக்கக் கூடாது, கோனும் வேணாமா? இன்னாம்மா, எதனா வேண்டுதலா?"

"உடம்புக்கு ஆவாதுண்ணே" என்றாள் அக்கா.

ஃப்ரீசரைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தோம். ஒன்றில் பாலுக்குப் பதில் பாமாயில் என்று போட்டிருந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. அடுத்த வரியிலேயே பால் பவுடர். மாம்பழ ஐஸிலும் பால். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "புருசன் கொண்டாந்து வுட்டுட்டுப் போனானே, அந்தப் பொண்ணுதான?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் கேட்டது. அக்கா ஃப்ரீசரைச் சத்தமில்லாமல் மூடினாள்.

இன்னும் இரண்டு கடைகள் ஏறி இறங்கிவிட்டுக் கோட்டைக்குப் போகும் ரோட்டில் நின்ற ஐஸ் வண்டிக்கு வந்தோம். குச்சியில் செருகிய கிரேப் ஐஸ்.

"இதுல பால் கீல் இருக்குதாண்ணே? மைதா, சேமியா?" என்று நான் கேட்டேன்.

"தண்ணி, சக்கர, கலரு. வேற ஒண்ணுமே கெடையாதும்மா."

மதகுச் சுவரில் உட்கார்ந்து அக்கா அதைச் சாப்பிட்டாள். உதடெல்லாம் ஊதா. கரைந்து முழங்கை வரை ஒழுகியதையும் நக்கினாள். "நீயும் ஒரு வாய் தின்னுடி" என்று நீட்டினாள். எத்தனையோ மாதத்துக்கப்புறம் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி நிற்கவே இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, நான் அந்த வண்டிக்காரரைத் தேடிப் போனேன். அவர் பதறிவிட்டார்.

"நான் பொய் சொல்லலம்மா. ஆனா கம்பெனில சேமியா ஐஸ், பால் ஐஸ், கிரேப்பு எல்லாம் ஒரே அச்சுலதான் ஊத்துவாங்க. அது இம்மாம் தூரம் படுத்தும்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன்.

அம்மா போன் செய்து மாப்பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னாள். ஓடி வருவார் என்று நினைத்திருப்பாள். அவர் அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"நாக்க அடக்க முடியலியா ஒனக்கு? இப்டியே இருந்தா எப்ப சரியாவறது, எப்ப பெத்துக்கறது?"

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆவணியில் ஒரு டெம்போ வந்து நின்றது. அவளுக்குச் சீராகக் கொடுத்த அண்டா, குத்துவிளக்கு, பீரோ எல்லாம் அதில் இருந்தன. கூட வந்தது டிரைவர் மட்டும்தான். அப்பா ஆள் கூப்பிடாமல் தானே எல்லாவற்றையும் இறக்கினார்.

இப்போது அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது. பால்கூடச் சேர்கிறது. பக்கத்திலிருக்கும் வல்லத்தில் ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போகிறாள். மத்தியானத்துக்கு வீட்டுச் சோறுதான். யார் எது கொடுத்தாலும் வாங்குவதில்லை. திண்டிவனம் ரோட்டில் புதிதாக ஒரு ஐஸ்கிரீம் கடை திறந்திருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாமா என்றேன். "எனக்கு அந்த ஆசையே இல்லடி" என்றாள்.

எனக்கு இருக்கிறது. வேலை முடிந்து வரும்போது அந்தக் கடை வாசலிலேயே நின்று அவசரமாகச் சாப்பிடுவேன். வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவேன். அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். கேட்டதில்லை.