துவைத்த கோட்டும் ஓடிப்போன மாப்பிள்ளையும்

சலவைக்கடை இஸ்திரி அக்காவுக்கு மசியாத சுருக்கம் உலகத்திலேயே கிடையாது. யானையைக் கொண்டுவந்து மேசையில் படுக்கவைத்தாலும் அரைமணி நேரத்தில் வழவழவென்று மடித்துக் கொடுத்துவிடுவாள் என்று முதலாளியே சொல்வார். அவள் நெற்றிச் சுருக்கம் மட்டும்தான் பெட்டிக்கு அடங்கவில்லை.

வயசு ஐம்பத்துமூன்று. புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மகள் கடல் தாண்டி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வச்சிடறேன்மா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். மூன்றாம் மாடி வீட்டில் அழைப்பு மணி ஒன்று இருந்தது. கடைசியாக அது அடித்தது, தபால்காரர் கதவு மாறி அழுத்தியபோதுதான். அதற்கே அக்கா தலையை வாரிக்கொண்டு போய்த் திறந்தாள்.

கடைக்குப் பின்னால், துணி உலர்த்தும் அறையின் வெதுவெதுப்பில் ஒரு பூனை குட்டி போட்டதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். குட்டிகள் குட்டி போட்டன. ஒரு வருஷத்தில் அந்தத் தெருவில் மனுஷத் தலையைவிடப் பூனைத் தலை அதிகம். கால்நடை டாக்டர் ஒரு கூண்டு கொடுத்தார். "பிடிச்சுட்டு வாங்க, குட்டி போடாம ஆபரேஷன் பண்ணிடறேன். அடையாளத்துக்குக் காது நுனியை லேசா வெட்டிடுவோம். மூணு நாள் வீட்டுல வச்சிருந்து, பிடிச்ச எடத்துலயே விட்டுடுங்க" என்றார். அதோடு அக்காவின் விடுமுறைகளெல்லாம் கூண்டோடு கழிந்தன.

பூனை ஒதுங்குகிற இடத்திலெல்லாம் வீடில்லாத மனுஷரும் ஒதுங்கியிருந்தார்கள். எந்தப் பூனை சினை, எது நொண்டி, எது திருட்டு என்று அவர்களுக்குத்தான் தெரியும். பாலத்தடியில் படுத்துக் கிடப்பவர்கள்கூட அக்காவைக் கண்டால், "பூனைப் போலீஸ் வருது, ஓடுங்கடா" என்று பூனைகளை எச்சரிப்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வாரத்தில் அவள் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அங்கேதான் நடந்தது.

மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையின் வாசற்படியில் எழுபது வயசு மனிதர் ஒருவர் இருந்தார். ஜட்ஜ் என்று கூப்பிடுவார்கள். வழியில் போகிறவர்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வது அவர் வழக்கம். "அந்தாளுக்குப் புதுச் செருப்பு கடிக்குது, வெளிய சொல்ல மாட்டான். மூணு நாள் கடுங்காவல்" என்பார். அவர் கோட்டுக்குள் ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை எப்போதும் சுருண்டு கிடக்கும். பெயர் மாப்பிள்ளை.

"ஏண்ணே இந்தப் பேரு?"

"வேலைவெட்டி கெடையாது. குடுக்கறதுல குத்தம் சொல்லுது. ஒக்காந்த எடத்துக்கு எல்லாம் வரணும். நீயே சொல்லு, வேற என்னன்னு கூப்புடறது?"

அந்தக் கோட்டு, யாரும் திரும்ப வாங்க வராமல் கடையில் கிடந்ததென்று அக்கா கொடுத்தது. அதற்கப்புறம் மூன்று குளிர்காலம் பார்த்த கோட்டு, தண்ணீரைப் பார்த்ததில்லை. கழற்றி வைத்தால் தானாக நிற்கும். கூப்பிட்டால் நடந்தே வந்துவிடும் போலிருக்கும்.

ஆபரேஷனுக்கு மட்டும் ஜட்ஜ் சம்மதிக்கவேயில்லை. "மாப்பிள்ளைக்குப் போயி இந்த ஆபரேஷனாம்மா? வெளிய தெரிஞ்சா மானம் போயிடாது?" ஆனால் மாப்பிள்ளை ஊர்ச் சண்டைக்கெல்லாம் போய், ஒருநாள் முகம் கிழிந்து வந்தது. ஜட்ஜ் இறங்கிவந்தார். கோட்டைக் கழற்றிக் கூண்டுக்குள் விரித்தார். பூனை தானாக உள்ளே போய்ப் படுத்தது.

"என் வாசனை இல்லாம அது தூங்காது. மூணே நாள். எனக்கு அதை விட்டா யாரும் இல்லம்மா."

"சரிண்ணே."

மூன்று நாளும் அக்கா வீட்டில் திருவிழாதான். எட்டு வருஷமாகத் தேங்கிக் கிடந்த பேச்சையெல்லாம் கொட்டினாள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டபடி கேட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் கோட்டை விட்டு இறங்கி வந்து, அவள் பாதத்தின்மேல் மோவாயை வைத்துக்கொண்டது. அக்கா அசையவில்லை. கால் மரத்தது, இடுப்பு மரத்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்போதும் அசையவில்லை.

நாலாம் நாள் கூண்டில்லாமல் ஜட்ஜிடம் போனாள். "இன்னும் ரெண்டு நாள் பாத்துக்கச் சொல்லிட்டாரு டாக்டர்."

ஜட்ஜ் அவளையே பார்த்தார். கோட்டில்லாத தோளில் அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போர்த்தியிருந்தார். "அப்படியா" என்றார். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தை அக்காவைக் குடைந்தது. செய்த தப்புக்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுநாள் கோட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று தண்ணீர் அலசினாள். முதல் தண்ணீர் தார் மாதிரி போனது. கறைக்கு மருந்து போட்டு, பொத்தான் தைத்து, ஆவி காட்டித் தேய்த்தாள். கல்யாணத்துக்குப் போட்டுப் போகலாம், அப்படி இருந்தது.

ஆறாம் நாள் கொட்டகை வாசலில் கோட்டை விரித்து, கூண்டைத் திறந்தாள். மாப்பிள்ளை வெளியே வந்து காலரை மோந்தது. கையை மோந்தது. அக்குளை மோந்து ஒரு தும்மல் போட்டது. யார் வீட்டுக் கோட்டோ என்று நினைத்ததோ என்னவோ, வாலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைச் சந்துக்குள் பாய்ந்து காணாமல் போனது.

"தொவச்சிட்டியா?" என்றார் ஜட்ஜ்.

அக்கா தலையாட்டினாள்.

"நான் இருந்த வாசனையையே எடுத்துட்டியேம்மா."

"டாக்டர் ரெண்டு நாள் சொல்லலண்ணே. நான்தான்..."

"தெரியும். நீ தூக்கிட்டுப் போன பதினேழு பூனையும் மூணாம் நாளு வந்துடுச்சு. எண்ணி வச்சிருக்கேன்." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கழுத்தில் விறைப்பாகக் குத்தியது. "இப்ப இதைப் பழையபடி அழுக்காக்கணும். வேற வழியில்ல."

முப்பது வருஷமாக அழுக்கோடு சண்டை போட்ட அக்கா, அன்றிலிருந்து அழுக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தினமும் சாப்பாட்டு வேளையில் ஓடிவந்து காலரைப் பார்ப்பாள். "எங்கண்ணே, இன்னும் பளிச்சுனு இருக்கு? கொஞ்சம் புரளுங்க." ஜட்ஜ் படியில் புரள்வார். "நீ தேய்ச்ச தேய்ப்புக்கு, சாக்கடையில முக்கினாலும் அழுக்கு ஒட்டாது போல." சிரித்த பிறகு இரண்டு பேரும் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சந்தில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் யாரும் இல்லை. பூனைக்குப் பால் வைத்த கிண்ணத்தை அக்கா கழுவாமலே வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை ஓடிப்போன பதினொன்றாம் நாள் மத்தியானம் தெருமுனை திரும்பியவள் அப்படியே நின்றாள். ஜட்ஜின் கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே சாம்பல் தலை ஒன்று தெரிந்தது. ஒரு காதில் நுனி இல்லை. ஜட்ஜ் மூச்சுக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கையை மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பும் ஆவியும்தான் மணத்தன.

"ஏம்மா அங்கயே நின்னுட்ட?"

"வேணாண்ணே. எங்கிட்ட சோப்பு வாசனை. மறுபடி ஓடிப்போயிடும்."

"அப்ப அந்தக் கோடிப் படியில ஒக்காரு."

உட்கார்ந்தாள். நடுவில் பத்துப் படி இடைவெளி. மாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. சாப்பாட்டு வேளை முடிகிறவரைக்கும் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அக்கா எழுந்தாள்.

"எனக்கு என்னண்ணே தீர்ப்பு?"

ஜட்ஜ் பூனையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வாய்தா போட்டிருக்கு. நாளைக்கு இதே நேரம் வந்து ஆஜராகு. ஒரு படி கிட்ட ஒக்காரு."