சனாதிபதி தெரிவாகும் வரை

பலெர்மோவில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு பழைய வீட்டில், காது மந்தமான ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். சமைக்கிற குசினிதான் எனக்கு இடம். அவர் கூப்பிடாமல் ஒருநாளும் முன்னறையில் கால் வைத்ததில்லை. ஞாயிறு பூசைக்குப் போனால் தமிழ் கதைக்கலாம். மற்ற நாளெல்லாம் வாய் திறக்க ஆளில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மே மாதம். இத்தாலியில் சனாதிபதிக்குச் சனம் வாக்குப் போடுவதில்லை, பாராளுமன்றம்தான் போடும். ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பெயரை உரத்து வாசிப்பார்கள். ஒருவருக்கும் போதிய வாக்கு விழாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. முன்னறைத் தொலைக்காட்சியில் வாசித்தது சிஞ்ஞோராவுக்குக் கேட்கவில்லை.

"இஞ்சை வா. கதிரையை இழுத்துப் பக்கத்திலை இரு. அவங்கள் வாசிக்கிற பேரை என்ரை காதுக்குள்ளை சொல்லு."

எனக்கு எழுத்துத்தான் அவ்வளவு வராது, காது நல்ல காது. அந்த வீட்டில் அவர் பக்கத்தில் நான் முதன்முதலாக இருந்தது அன்றைக்குத்தான்.

முடிவில்லாமல் இப்படியே சில நாள் போனது. மத்தியானம் சாப்பிட்ட மயக்கம். பெயருக்கு மேல் பெயர். மன்னாரில், கோயிலில் புனிதர்களின் பெயரை வரிசையாக வாசிக்க வாசிக்க மன்றாட்டுச் சொல்லி வளர்ந்த வாய் என்னுடையது. ஒரு பெயருக்குப் பின்னால் என்னையறியாமல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று இழுத்துவிட்டேன்.

"என்ன சொன்னனீ?"

இத்தாலியனில் சொன்னேன். சிஞ்ஞோரா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உவனிட்டையோ மன்றாடுறாய்? உவனுக்கே மோட்சம் இல்லையடி!"

அதன் பிறகு நான் பெயரைச் சொல்ல, அவர் "வேண்டிக்கொள்ளும்" என்பார். வெற்றுச்சீட்டு வந்தால் இரண்டு பேரும் சிலுவை அடையாளம் போடுவோம். யாருமே வெல்லக்கூடாது என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது. வென்றால் நான் திரும்பக் குசினிக்கு.

ஒரு சனிக்கிழமை, விமானநிலைய வீதியில் குண்டு வெடித்து ஒரு நீதிபதியும் மனைவியும் காவலர்களும் செத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பாராளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்துவிட்டது.

"இனி ஏழு வருசத்துக்குப் பிறகுதான்," என்று சிஞ்ஞோரா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"ஓம்," என்று எழும்பினேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்தில் போய் இருக்கிற ஆள் நானும் இல்லை.

அந்த ஏழு வருசமும் அதே வீட்டில்தான். அடுத்த தேர்தல் அன்று வேலையை வெள்ளனவே முடித்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையை மாற்றிக்கொண்டு குசினியில் நின்றேன்.

"வா, இரு."

போனேன். வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் சுற்றிலேயே ஒருவருக்கு வேண்டிய வாக்கு விழுந்துவிட்டது. எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள்.

"முடிஞ்சுதோ?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"முடிஞ்சுது," என்று அவர் காதுக்குள் சொல்லி, போகச் சொல்லுமுன் நானே எழும்பிவிட்டேன்.