ஹனீபா காக்காட சஹன்ல இருந்தவங்களுக்கு

ஹனீபா காக்கா மௌத்தாகிட்டார்... செய்தி வரக்குள்ள நான் சலூன்ல, பாதித் தலையில கறுப்புச் சாயத்தோட இருந்தன்.

ஓம், வெட்கம்தான். கறுப்புச் சாயம் கூடாதெண்டு பள்ளிவாசல்ல சொல்லக்குள்ள முன் வரிசையில இருந்து தலையாட்டினவனும் நான்தான்.

கழுவிட்டு அப்படியே ஓடினன். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. அடக்குற மையவாடியில என்ட கூட்டாளி மர்சூக் கண்ணத் துடைச்சிட்டே கேட்கிறான்: "என்னடா, ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் மாமனாரா?"

அழுறதா சிரிக்கிறதா... ரெண்டையும் செஞ்சம்.

காக்காவத் தெரியாதவங்களுக்குச் சொல்றன். எங்க எல்லாருக்கும் மூத்த அண்ணன் மாதிரி, சைக்கிள் கடை வச்சிருந்தவர். எங்கட வாலிபர் சங்கத்துல தலைவருமில்ல, செயலாளருமில்ல. சாகாமத்துக் குளக்கரையில சங்கம் போடுற கேம்ப்ல சோறு ஆக்குறதும், சஹனுக்கு ஆள் பிரிக்கிறதும் அவர்ர வேலை.

சஹன் எண்டா ஒரே தட்டத்தச் சுத்தி ஆறு பேர் இருந்து சாப்பிடுறது. ஆரு ஆரோட இருக்கிறதெண்டு காக்காதான் சொல்லுவார். கோபக்காரனுகளாப் பார்த்துப் பார்த்து ஒண்டாப் போடுவார் மனிசன்!

மர்சூக்குக்கும் எனக்கும் பந்தடியில சண்டை. அவனுக்குப் பல்லு போயிட்டு, எனக்குச் சேட்டு கிழிஞ்சி போயிட்டு. கதை பேச்சு இல்ல. அந்த வருசம் எங்க ரெண்டு பேரையும் நேருக்கு நேர் இருத்தினார். நடுவுல பொரிச்ச முழுக் கோழி.

வலது கையால மட்டும்தான் சாப்பிடணும். ஒத்தைக் கையால முழுக் கோழியப் பிய்ச்சிப் பாருங்க... ஏலாது. ஒருத்தன் பிடிக்கணும், ஒருத்தன் இழுக்கணும்.

"காக்கா, வெட்டித் தாங்களன்" எண்டன்.

"கத்தி வீட்டுல மனே."

கத்தி அவர்ர இடுப்புலதான் இருந்திச்சி.

மத்த நாலு பேரும் பசியில எங்களையே பார்க்கிறானுகள். மர்சூக் ஒரு காலப் பிடிச்சான், நான் மத்தக் காலப் பிடிச்சன். பெரிய துண்டு அவனுக்குப் போயிட்டு. பழைய கோபமெல்லாம் போய், இப்ப அந்தக் கோபம் மட்டும்தான் இருக்கு.

இன்னொரு வருசம் மழை... கூடாரமெல்லாம் பறந்திச்சி. நாங்க லொறிக்குக் கீழ பூந்திட்டம். காக்கா மட்டும் சோத்துக் கிடாரத்துக்குக் குடை பிடிச்சிட்டு நிக்கிறார்.

"காக்கா, நனையிறீங்க!"

"நான் காய்ஞ்சிருவன் மனே. சோறு காயாது."

கறிச் சட்டிய ஆரும் கிண்டலாம். சோத்துக்குக் கிட்டப் போனா அகப்பை பறக்கும்.

சரி, இனித்தான் விசயமே இருக்கு.

அடக்கிட்டு வெளிய வரக்குள்ள, இப்ப சங்கத்துத் தலைவரா இருக்கிற சப்ரி மெதுவாச் சொல்றான்: "காக்காமார், வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். சங்கத்த மூடுறம்."

"ஆரக் கேட்டு மூடுற?" மர்சூக் பாய்ஞ்சான்.

"ஆள் இல்லையே காக்கா. இருக்கிற பொடியனுகள் ஒரு சஹனுக்கும் காணாது."

"அப்ப நாங்க எல்லாம் என்ன, ஆடா மாடா?"

நான் சொன்னன், "கூட்டம் வேணாம் மனே. சனிக்கிழமை சாகாமத்துல கேம்ப். ஒவ்வொருத்தனும் புள்ளைகளோட வாறம். பழைய சஹன் ஆக்கள் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு கறி."

சொன்னதுதான் தாமதம்! போன் சூடாகிட்டு. கட்டார்ல இருந்து நிசாம் வீடியோ கோல்ல அழுதுட்டு, அடுத்த நிமிசமே "மாட்டுக் கறி என்ட வீட்டுல இருந்து வரும்" எண்டான். பாலமுனைக் கூட்டம் மீன், ஒலுவில் கூட்டம் இறால். கத்தரிக்காய்க்கு ரெண்டு கூட்டம் சண்டை, கடைசில ரெண்டுமே கத்தரிக்காய்.

இப்ப குளக்கட்டுல இருந்துதான் எழுதுறன். நான் ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொன்னவன், பிழை இருந்தா பார்க்காத மாதிரிப் போங்க.

எத்தின பேர் வந்திருக்கானெண்டு எண்ணப் பார்த்தன், விட்டுட்டன்! லொறி, வேன், ஆட்டோ... தொப்பை வச்சவன், தலை போனவன், எல்லாரும் இருபது வயசு மாதிரிக் கத்துறானுகள். புள்ளைகள் வாப்பாமாரப் பார்த்து வெட்கப்படுதுகள்.

என்ட சின்னவனும் மர்சூக்ட மகனும் வரக்குள்ள லொறியிலயே சண்டை. மர்சூக் ரெண்டையும் பிடிச்சி ஒரு சஹன்ல நேருக்கு நேர் இருத்திட்டான். நடுவுல முழுக் கோழி.

"வெட்டித் தாங்களன் மாமா" எண்டான் என்ட மகன்.

"கத்தி வீட்டுல மனே."

எனக்குக் கண்ணு கலங்கிட்டு... சாயம் பட்டிருக்கும் எண்டு சமாளிச்சன்.

சப்ரி ஓடி வந்தான். "காக்கா, புதுப் பொடியனுகள் வாற கிழமையும் வரலாமாண்டு கேட்கிறானுகள்! மூடுற கதைய விட்டுட்டம்!"

ஹனீபா காக்கா, அல்லாஹ் உங்கள நல்ல கூட்டத்தோட இருத்தட்டும். அங்கயும் ஆள் பிரிக்கிற வேலை கிடைச்சா, மர்சூக்குக்கு முன்னால என்னப் போட்டுராதீங்க.

இப்ப எல்லாரும் கை கழுவிட்டு சஹனச் சுத்தி இருக்கிறம். கறி எல்லாம் வந்திட்டு. மாடு, மீன், இறால், ரெண்டு கத்தரிக்காய்.

சோறு ஒருத்தரும் ஆக்கல்ல.

பாண் வாங்க மர்சூக் திருக்கோவில் டவுன் பேக்கரிக்குப் போயிருக்கான்.