நாவலும் நானும் கோல்கொண்டாவுக்குப் போனோம்

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், டிசம்பர் லீவில் ஹைதராபாத் போய் வந்தேன். காரணம் ஒரு சரித்திர நாவல். பதினாலு வயதில், அரக்கோணத்தில், நானும் பக்கத்து வீட்டு ரஞ்சிதமும் அதை ஒரு மாதப் பத்திரிகையில் தொடராகப் படித்தோம். பத்திரிகை வரும் நாளில் இருவருக்கும் சோறு இறங்காது. கதை முடிய இரண்டே மாதம் இருக்கும்போது ரஞ்சிதத்துக்குக் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குச் சிகந்தராபாத் ரயில்வே பட்டறையில் வேலை. அவளுக்கு இஷ்டமில்லை. "இளவரசி இன்னா பண்றாளோ அதையே நானும் பண்ணுவேன்" என்று என் காதில் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

கடைசி அத்தியாயத்தில் இளவரசி, பிடிக்காதவனுக்கு மாலையிட மறுத்துக் கோட்டை மதிலிலிருந்து குதித்துவிட்டாள். ரஞ்சிதம் என் காதில் சொன்னது ஞாபகம் வந்தது. பத்திரிகை நின்றுவிட்டது என்று ரஞ்சிதத்துக்குப் பொய்க் கடிதம் எழுதினேன். அது பொய் என்று நேரில் சொல்ல இருபது வருஷம் ஆயிற்று.

சென்னையில் மாலை ஆறுக்கு ஏறினேன். காலையில் காஜிப்பேட்டையில் வண்டி மாற வேண்டும். சிகந்தராபாத் சேரும்போது பதினொன்றரை. வழியெல்லாம், பைண்டு செய்து வைத்திருந்த நாவலைத் திரும்பப் படித்தேன். அன்று எங்களை உருக வைத்த வீரன் இப்போது வெறும் வாய்ச்சவடால். மீசைக்கு மட்டும் இரண்டு பக்கம்! ஆனால் வெள்ளத்தில் அவன் குதிரையை இறக்கும் இடம் வந்ததும் காஜிப்பேட்டையைத் தவறவிடப் பார்த்தேன்.

அவள் வீட்டில்தான் தங்கினேன். மறுநாள் கோல்கொண்டாக் கோட்டைக்குப் போகலாம் என்றது ரஞ்சிதம்தான். அத்தனை வருஷம் அங்கிருந்தும் அவள் பார்த்ததில்லையாம். ஹைதராபாத் வரை பஸ், பிறகு ஜட்காவில் ஏழு மைல். வண்டிக்காரர் நாலு ரூபாய் கேட்டார். "நக்கோ பாய், தோ ருப்பாய்" என்று இரண்டு ரூபாய்க்கு இறக்கினாள் ரஞ்சிதம். "ஹவ் அம்மா, பைட்டோ" என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்காரச் சொன்னார். (இது நிஜாம் சமஸ்தானத்து ரூபாய். நம் காசை ஸ்டேஷனிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.)

முன்னூற்றைம்பது படிகளுக்கு மேல். உச்சியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, புத்தகத்தை அவள் மடியில் வைத்து உண்மையைச் சொன்னேன். அவள் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

"இத நான் படிச்சிட்டேன்டி."

"எப்போ?"

"வந்த மூணாம் மாசமே. காலனியில ஒரு கிளார்க்கு வூட்டுக்கு அந்தப் பத்திரிகை வரும். நீ பொய் எழுதினதும் அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்டி அதப் பத்தி ஒரு வரி எழுதல?"

"கோவம். நான் குதிச்சிடுவேன்னு நெனச்சிட்டியேன்னு." கீழே தெரிந்த வயலை எட்டிப் பார்த்தாள். "குதிச்சிருப்பனோ இன்னாவோ. உன் லெட்டரத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். நான் இருக்கணும்னு ஒருத்திக்காவது தோணிச்சே. அவரும் கெட்டவர் இல்ல. அது தெரியறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

ரஞ்சிதம் மடியிலிருந்த புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். மீசை வருணனையில் இருவரும் சிரித்த சிரிப்பில், கீழிருந்து ஏறி வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் கல் கொதிக்கும். மேலே தண்ணீர் கிடைக்காது. சின்ன வயதில் படித்த நாவலைத் தனியாகத் திரும்பப் படித்தால் குற்றம்தான் கண்ணில் படும். முடிந்தால் அன்று கூடப் படித்தவரைத் தேடிப் போங்கள்.

அன்று கோட்டையிலிருந்து இறங்குமுன் கடைசி அத்தியாயத்துக்குத் தாவினோம்; அதையும் அவள்தான் படித்தாள். இளவரசி மதிலேறும் வரியில் நிறுத்தி, புத்தகத்தை மூடினாள்.

"பைத்தியக்காரி," என்றாள், "கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம்."