ஐந்து வெடிக்கு ஒரே ஓட்டை

என் தையல் அறையில், அளவெடுக்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு கடதாசியை மாட்டியிருக்கிறேன். சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம், நடுவே கிழிந்த ஓர் ஓட்டை. ஒருமுறை ரூஜ் பகுதியிலிருந்து பிளவுஸ் தைக்க வந்த ஓர் அன்ரி அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "எந்தக் கோயில் சக்கரம், பிள்ளை?" என்று கேட்டார். "கோயில் இல்லை அன்ரி, அத்தான் துவக்காலை சுட்டது" என்றேன். அவர் முகம் போன போக்கில், துணியைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் கடைசல் வேலை செய்தவர். கூட வேலை செய்த ஒருவர் நகரத்துக்கு வெளியே சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போனதில் பிடித்துக்கொண்டது இந்தப் பைத்தியம். மேசையில் துவக்கைப் படுக்கவைத்து, காற்று அடங்கும்வரை காத்திருந்து, ஐந்து வெடியையும் ஒரே புள்ளியில் போடவேண்டும். காகம் குருவி எதையும் தொடமாட்டார், கடதாசியைத்தான் சுடுவார். அக்காவுக்கு இது அடியோடு பிடிக்காது. "வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிசன், இஞ்சை சாப்பாடும் கட்டிக்கொண்டு வெடிச்சத்தம் கேக்கப் போகுது!" என்பாள். அத்தான் ஒரேயொரு நாள்தான் பதில் சொன்னார். "அங்கை அது நினைச்ச நேரம் வெடிச்சுது. இஞ்சை நான் நினைச்சால்தான் வெடிக்கும்." அதன்பிறகு அக்கா வாயே திறக்கவில்லை என்று எழுத ஆசைதான். மறுநாளே தொடங்கிவிட்டாள்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை அத்தான் எறியமாட்டார், மருந்தும் குண்டும் போட்டுத் திரும்ப நிரப்புவார். ஆனால் திரும்பத் திரும்பச் சுடக் கோதின் கழுத்து நூலளவு நீளும். அதைச் சீவி எல்லாக் கோதையும் ஒரே அளவாக்கக் கையால் சுழற்றுகிற சின்னப் பொறி ஒன்று வைத்திருந்தார். தொழிற்சாலை தின்ற அவருடைய மணிக்கட்டு ஒரு வசந்தத்தில் முற்றாகக் கைவிட்டது. இனி எதையும் சுழற்றக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மைதானத்தில் நடக்கிற சுடும் போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது. "எல்லாத்தையும் வித்துப்போடப் போறன்" என்று சாப்பாட்டு மேசையில், உப்புக் கேட்கிற குரலில் அத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவும் தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் என் பழைய தையல் மெசினின் மோட்டரையும் கால்மிதியையும் கழற்றிக்கொண்டு, டோர்செட் பார்க் பகுதியில் இருக்கிற அவர்களுடைய அப்பார்ட்மென்டுக்குப் போனேன். "கையை விடுங்கோ அத்தான், காலாலை வெட்டுவம்." பொறியின் கைபிடியைக் கழற்றி அந்த இடத்தில் பெல்ற் ஓடுகிற ஒரு சின்னச் சில்லைப் பூட்டினோம். பொறியையும் மோட்டரையும் ஒரே பலகையில் முடுக்கி, பெல்ற்றை மாட்டினோம். மிதித்தேன். என்ன வேகம்! ஆனால் கோதின் வாய் பளபளத்ததே தவிர, ஒரு துகள்கூட விழவில்லை. அத்தான் குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளை, உன்ரை மோட்டர் மறுபக்கமாச் சுத்துது. கத்தி தடவிக் குடுக்குதே ஒழிய வெட்டேல்லை!"

"என்ரை மோட்டர் எத்தினை பொம்பிளையளுக்குக் கலியாணப் பிளவுஸ் தைச்சது தெரியுமோ? உங்கடை கத்திதான் பிழை!" என்று நானும் விடவில்லை. மோட்டரைத் திருப்பி வைக்கப் பலகையில் இடமில்லை. இருவரும் மாறி மாறி அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது அக்கா கையில் அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்தாள்.

"ஊரிலை மாவரைக்கிற மில்லைப் பாக்கேல்லையோ ரெண்டு பேரும்? பெல்ற்றை எட்டுப்போலக் குறுக்கை மாட்டினால் மற்றப் பக்கம் சுத்தும்."

நாங்கள் வாயைப் பிளந்தோம். "என்ன பாக்கிறியள்? கறி அடிப்பிடிக்கப் போகுது" என்று உள்ளே போய்விட்டாள்.

குறுக்கே மாட்டி மிதித்தேன். பித்தளைச் சுருள் பொன்னிறமாக மேசையில் கொட்டியது. அத்தான் அதை அள்ளிக்கொண்டு குசினிக்கு ஓடினார், அக்காவிடம் காட்ட.

போட்டிக்கு அக்காவும் போனாள், காதுக்குப் பெரிய மூடி போட்டுக்கொண்டு. பின்னேரம் போனில் கத்தியவளும் அவள்தான். "அடியே, அஞ்சும் ஒரே ஓட்டையடி! ஒரு சேட் பொத்தான் வைச்சால் மூடுபடும்!" முடிவில் அத்தானுக்குக் கிடைத்தது நாலாம் இடம் என்பது எனக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரியும். ஒருவரும் அதைச் சொல்ல நினைக்கவில்லை. அந்தக் கடதாசியைத்தான் அத்தான் சட்டம் போட்டு எனக்குத் தந்தார்.

இப்போது அத்தானின் முழங்காலும் மக்கர் பண்ணுகிறது. அவர் கோதை வைக்க, அக்கா மிதிக்கிறாள். போன் எடுத்தால் பின்னால் என் மோட்டர் இரைவது கேட்கும். "வையடி, முக்கியமான வேலையிலை நிக்கிறம்" என்பாள், என்னிடமே!

போன கிழமை ஒரு கலியாணப் பெண் தாயோடு அளவு கொடுக்க வந்தாள், இங்கேயே பிறந்தவள். கடதாசியைக் கண்டதும் தாயைப் பார்த்துவிட்டு மெல்லக் கைகூப்பினாள். "அன்ரி, இது குட் லக்குக்கோ?" வழக்கமாக உடனே திருத்திவிடுவேன். அன்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஓம் பிள்ளை, வடிவாக் கும்பிடு" என்றேன்.